ஒற்றைத் தட்டுச் சீர்

கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லாத ஆண்பிள்ளைக்கு ஒரு குறை உண்டு. அவன் யாருக்கும் தாய்மாமன் ஆக முடியாது. காதுகுத்து வீட்டுக்குப் போகலாம், பந்தியில் உட்காரலாம், வாழ்த்திவிட்டு வரலாம். ஆனால் கழுத்தில் மாலையைப் போட்டு மணையில் உட்கார வைத்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் கொடுத்து, "இறுக்கிப் பிடிச்சுக்கங்க மாமா" என்று ஆசாரி சொல்வாரே, அந்த இடம் மட்டும் அவனுக்குக் கிடைக்காது. திருவெள்ளறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் மருதை, நாற்பத்தொன்பது வயதுவரை இந்தக் குறையை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மனைவி அமுதவல்லிக்கு மட்டும் தெரியும். எந்தக் காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் பஸ்ஸில் அவர் அவளிடம் பேச மாட்டார். ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வருவார்.

துவாக்குடிப் பக்கம் கொதிகலனுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. அடையாள அட்டையில் லயசன் ஆபீசர் என்று போட்டிருக்கும். கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்குப் போய்ப் பேசி, அவர்கள் கேட்ட காகிதத்தைக் கொடுத்து, அனுமதியை வாங்கி வருவதுதான் அந்த வேலை. ஆபீசர் என்பதெல்லாம் பெயரளவில்தான். வருஷா வருஷம் புதுப்பிக்கும் கான்ட்ராக்ட். எந்த அதிகாரி காலையில் சிடுசிடுப்பார், எவர் மத்தியானத்துக்குமேல் இளகுவார் என்பது அவருக்கு அத்துப்படி. புது வருஷத்துக்கு டைரி, கோடையில் ஸ்ரீரங்கத்துத் தோப்பு இமாம்பசந்து மாம்பழம், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி என்று அந்தந்தப் பருவத்தில் அந்தந்த மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கவர் கொடுத்துப் பழக்கமில்லை. மாம்பழத்தை அவர் லஞ்சம் என்று நினைத்ததும் இல்லை. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவோமா, அதுபோலத்தான் என்று நினைத்தார்.

அந்த மாம்பழக் கூடையைத் திருப்பி அனுப்பிய முதல் அதிகாரி சுபஸ்ரீ.

தொழிற்சாலைகளுக்கு அனுமதி தரும் ஓர் அலுவலகத்துக்கு அவள் மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். "நல்லாத்தான் இருக்கும் சார், ஆனா வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே கூடையை மேஜைக்கு மறுபக்கம் தள்ளினாள். அப்போதுதான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சின்னப் படம் மருதையின் கண்ணில் பட்டது. ஓர் ஆலமரம், அதன் அடியில் நட்ட மூன்று வேல். அவர் கை அப்படியே நின்றது. ஆலடிக் கருப்பு. திருவெள்ளறைக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கும் அந்தச் சாமியை வெளியாள் யாரும் கும்பிட மாட்டார்கள். அது மருதையின் குலசாமி; படம் வைத்திருப்பவர்கள் அவருடைய வகையறாவாகத்தான் இருக்க முடியும்.

விசாரித்தார். அவள் அப்பா சின்ன வயதிலேயே வேலை தேடி நெய்வேலிக்குப் போனவர். அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு. ஒரே மகளைப் படிக்க வைத்துவிட்டு இறந்துபோனார். போகும்போது அவர் விட்டுப்போன சொத்து மாதிரி இந்தப் படம் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. குலசாமி ஒன்று என்றால் பங்காளிகள் என்று அர்த்தம். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். ஒரே தலைமுறையில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. யார் வயிற்றில் பிறந்தார்கள் என்பதை அங்கே எவரும் கேட்பதில்லை.

அன்றிலிருந்து அலுவலகத்துக்குள் "மேடம்", வெளியே "தங்கச்சி". ஆலடிக் கருப்புக்குப் பொங்கல் வைக்கும் நாளில் மருதை அவளைக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போய், காட்டுக்குள் வழி காட்டினார். அப்பா பிறந்த மண்ணை முதல் முறையாகத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு அவள் அழுதபோது, அமுதவல்லி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீ வீட்டுக்கே வந்தாள். கூட அவள் கணவன் ஜெயக்குமார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்பவன், அதிகம் பேசாதவன். கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. மூன்று வயது மகள் நறுமுகை உள்ளே வந்ததும் வராததுமாக மருதையின் செருப்பை மாட்டிக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மாசியில பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தறோம். எனக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லை. நீங்கதான் மடி குடுக்கணும்" என்றாள்.

மருதை இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். பதில் சொன்னது அமுதவல்லிதான். இருபத்தொரு தட்டு வரிசை வைத்து, மேளம் முழங்க வந்து, எங்கள் நாத்தனார் பிள்ளைக்குத் தோடு போடுவோம் என்று சத்தமாகச் சொன்னாள். அவர்கள் போன பிறகு மருதை வெகுநேரம் தன் வேட்டியைத் தொடைமேல் நீவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அங்கே யாரோ ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட மாதிரி.

இதில் ஒரு விஷயத்தை மருதையும் சுபஸ்ரீயும் நினைக்கவில்லை. கம்பெனி இரண்டாவது ஷெட் கட்டப் போட்ட விண்ணப்பம் அப்போது சுபஸ்ரீயின் மேஜையில் இருந்தது. அதை அங்கே கொண்டு போய்க் கொடுத்ததே மருதைதான். மாம்பழத்தைத் திருப்பி அனுப்பியவளுக்குக்கூடச் சீர் வரிசை மாம்பழமாகத் தெரியவில்லை. அலுவலகம் வேறு, குலசாமி வேறு என்று இரண்டு பேரும் வெள்ளை மனதோடு நம்பியிருந்தார்கள்.

கண்ணைத் திறந்துவிட்டது ஒரு வகுப்பு.

மருதையின் கம்பெனியைச் சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். அவர்கள் நாட்டில், ஒரு கம்பெனிக்காக அரசாங்கத்திடம் பேசப் போகிறவன் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்தவன் நெறிமுறைப் பயிற்சி எடுக்க வேண்டும். வருஷம்தோறும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். நம் ஊரில் அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் தங்கள் ஆள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே விதிதான் என்று தலைமை அலுவலகம் முடிவு செய்துவிட்டது. பயிற்சி முடிக்காத லயசன் ஆபீசர் எந்த அரசு அலுவலகப் படியும் ஏறக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டல் கூடத்தில் வகுப்பு. பாடம் எடுத்தவர் பூமா, கம்பெனியின் நெறிமுறை ஆலோசகர், ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர், சட்டம் படித்தவர். எதிரே உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் அலுவலகப் படியிலேயே தலை நரைத்தவர்கள். பரிசு, விருந்து, உறவு, முன்கூட்டியே சொல்லிவிடுதல் என்று பூமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, கம்பெனியின் ஓசூர் ஆலையிலிருந்து வந்திருந்த அற்புதசாமி கையைத் தூக்கினார்.

"ஒரு டீ வாங்கிக் குடுக்கலாமா மேடம்?"

"டீ பரவாயில்லை சார்."

"கூட ஒரு வடை?"

"வடையும் சரி. அதுக்கப்புறம் அவரு எதுல கையெழுத்துப் போடறாருங்கறதைத்தான் பார்ப்பாங்க."

கூடம் சிரித்தது. மருதையும் சிரித்தார். ஆனால் அடுத்து பூமா சொன்ன ஒன்று அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் அதிகாரிக்கோ, அவர் குடும்பத்தாருக்கோ, விசேஷம் எதுவானாலும், பழக்கம் எத்தனை வருஷமானாலும், பரிசு கூடாது. வெளியே தெரிந்தால் கொடுத்தவர் இழப்பது இந்தப் பயிற்சிச் சான்றிதழ். வாங்கியவர் இழப்பது வேலை.

கடைசியில் கணினியில் தேர்வு. அரசுப் பணியில் உங்களுக்கு உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி. உறவினர் என்றால் யார் என்று கீழேயே போட்டிருந்தது: கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், அவர்களின் துணைவர். மருதை மூன்று தடவை படித்தார். பங்காளி என்ற சொல்லே அதில் இல்லை. எழுதிய வெள்ளைக்காரனுக்கு ஆலடிக் கருப்பை யார் சொல்லியிருப்பார்கள்? "இல்லை" என்று அழுத்தினார். தேறிவிட்டார். சான்றிதழோடு பஸ் ஏறினார்.

பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் சொல்லவில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை அவர் நெஞ்சில் அது முள்ளாகக் கிடந்தது. சட்டத்துக்கு அவள் யாரோ. அவருக்கு அவள் தங்கை. இல்லை என்று அழுத்திய விரலால் அவள் குழந்தையைத் தூக்கப் போகிறோமே என்று நினைத்தபோது அவருக்கே அந்த விரலைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்படியே அவர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே மாசி வந்திருக்கும். அந்தத் தயக்கத்தை முடித்துவைத்தவர் மேலாளர் செந்தமிழன்.

யார் மூலமோ அவருக்குக் காதுகுத்து விஷயம் தெரிந்துவிட்டது. மருதையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார், என்றைக்கும் இல்லாத வழக்கமாக டீ சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது. இருபத்தொரு தட்டு போதாது, ஐம்பத்தொரு தட்டாக இருக்கட்டும், வேனும் செண்டை மேளமும் கம்பெனி பார்த்துக்கொள்ளும், கணக்கில் வேறு ஏதாவது பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்றார். இந்த ஷெட் அனுமதி வந்துவிட்டால் மருதையின் கான்ட்ராக்ட் நிரந்தர வேலையாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அது பத்து வருஷமாக மருதை எதிர்பார்த்திருக்கிற வார்த்தை.

"சார், அது எங்க வீட்டு விசேஷங்க" என்றார் மருதை.

"அதான்யா சொல்றேன். மாமன் சீரை எவன் வந்து கேக்கப் போறான்? தோட்டை மட்டும் கொஞ்சம் கனமாப் போட்டுடுவோம்."

மருதை எழுந்து வந்துவிட்டார். டீ ஆறிக் கிடந்தது. தொழிற்சாலை வாசலில் வேப்பமரத்தடியில் நின்றவருக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு கண்ணீர் வந்தது. இத்தனை காலம் கழித்துக் கிடைத்த ஒரு தங்கை. அவளை ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறு தட்டில் ஒரு ஷெட்டை வைத்துவிட்டார்களே! நாளைக்கு அந்தப் பந்தலில் யாரோ ஒருவன் செல்போனில் படம் எடுத்தால் போதும், நெய்வேலியில் ஒரு தகப்பன் பட்டினி கிடந்து படிக்க வைத்த படிப்பு தெருவுக்கு வந்துவிடும். அந்தச் சீர்த் தட்டை ஏந்திக்கொண்டு போகப் போவது அண்ணன் என்று சொல்லிக்கொள்கிற இந்தக் கை.

அன்று சாயங்காலமே உத்தர வீதியில் பூமாவின் வீட்டுக்குப் போனார். அவர் ஆச்சரியப்பட்டாலும் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். மருதை ஒன்று விடாமல் சொன்னார், மேலாளர் சொன்னது உட்பட.

"குலதெய்வம் ஒண்ணுன்னா தங்கையா?" என்று கேட்டார் பூமா.

"ஆமாங்கம்மா. கல்யாணம் பேச மாட்டோம். தீட்டு உண்டு. அண்ணன் தங்கச்சிதான்."

"எங்கள்ல கோத்ரம் மாதிரி. சரி, ஃபாரத்துல உங்களுக்கு ஒரு கட்டம் போட்டு வைக்கலை, அது எங்க தப்பு." பூமா சற்று யோசித்தார். "ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்கோ. மடியில குழந்தையை வெச்சுண்டு உக்காந்திருக்கறச்சே, பக்கத்துல ஒருத்தர் வந்து, ஷெட் ஃபைல் என்னாச்சுன்னு உங்ககிட்ட கேட்டா, என்ன பதில் சொல்லுவேள்?"

தெரியாது என்று மருதையால் சொல்ல முடியாது; அந்தக் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்ததே அவர்தான்.

வழி இரண்டுதான் என்றார் பூமா. காதுகுத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். கோப்பு முடிந்ததும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அல்லது, அந்த அதிகாரி எனக்குத் தங்கை முறை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கோப்பிலிருந்தும் அந்த அலுவலகத்திலிருந்தும் மருதை முழுசாக விலகிக்கொள்ளலாம். அப்படி விலகினாலும் கம்பெனியின் பதிவில் அவர் பெயர் இருக்கிறவரை சீர் கொண்டுபோக முடியாது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ. அதற்குமேல் ஒரு குந்துமணி கூடாது. மேலாளர் பேசியதைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியது தன் பொறுப்பு, அதில் மருதை பெயர் வராமல் பார்த்துக்கொள்வது தன் கடமை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அமுதவல்லி அழுதேவிட்டாள். தட்டு ஏந்த அவள் தன் அக்கா தங்கைகளையெல்லாம் அழைத்துவிட்டிருந்தாள். ஜவுளிக் கடையில் பட்டுப் பாவாடை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். வெறும் வாழைப்பழத்தோடு போய் நிற்கும் மாமனை உலகத்தில் எங்காவது கண்டதுண்டா, அதற்குப் போகாமலே இருந்துவிடலாமே என்றாள்.

"போகாம இருந்தா யார் மடியில உக்காரும் அந்தப் பிள்ளை?" என்றார் மருதை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் எழுதிக் கொடுத்தார். அந்த அலுவலக வேலை அனைத்தும் இனி ஓசூரிலிருந்து வந்து பார்க்கப்போகும் அற்புதசாமியைச் சேரும், மருதை மின்வாரியம், தொழிலாளர் நலம் போன்ற சில்லறைக் காரியங்களைப் பார்ப்பார் என்று உத்தரவானது. செந்தமிழன் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, பரிதாபப்பட்டார். ஷெட்டோடு வர வேண்டிய நிரந்தர வேலை ஷெட்டோடு போய்விட்டது என்றார். கான்ட்ராக்ட் இன்னொரு வருஷத்துக்கு நீண்டது, அவ்வளவுதான்.

அடுத்து செய்ய வேண்டியதுதான் கடினம். சுபஸ்ரீயிடம் சொல்ல வேண்டும்.

பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அவர்கள் வீடு. பணிமனைச் சங்கு ஊதி, சைக்கிள்களும் பைக்குகளுமாக ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார். வாசலில் ஜெயக்குமாரின் தாயார் ராக்கம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாக்கில் பட்டதைப் பட்டென்று கொட்டிவிடுகிற மனுஷி. சம்பந்தி வீட்டுக்காரருக்கு இப்போதுதான் வழி தெரிந்ததா என்று கேட்டு உள்ளே அனுப்பினார்.

மருதை சொல்லச் சொல்லச் சுபஸ்ரீயின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. அவள் படித்த பெண். அரசு ஊழியருக்கான நடத்தை விதிகளைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவள். தனக்கே இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தது விதி அல்ல.

"அப்ப என் பிள்ளைக்கு மாமன் மடி இல்லையா அண்ணே?"

"மடி இருக்கு தங்கச்சி. ஃபைல்தான் இல்லை. அதை எழுதிக் குடுத்துட்டேன்."

நிரந்தர வேலைக்காக அவர் எத்தனை வருஷம் காத்துக் கிடந்தார் என்பது அவளுக்குத் தெரியும். எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது; தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, குரல் மட்டும் அலுவலகக் குரலாக இருந்தது. நாளைக் காலையில் தானும் மேலதிகாரிக்கு எழுதப் போவதாகச் சொன்னாள். அந்தக் கோப்பை வேறு யாராவது பார்க்கட்டும். தோட்டை அவளே வாங்கிக்கொள்வாள்.

"நீங்க கையை வீசிக்கிட்டு வாங்க. ஆனா வரணும்" என்றாள்.

மாசி மாதத்து அந்தக் காலை, முக்கொம்புக்குப் போகும் சாலையில் காவிரிக் கரையோரம் ஜெயக்குமார் வீட்டுக் குலசாமி மதுரைவீரன் கோயிலில் பந்தல் போட்டிருந்தது. ஒரு பக்கம் அண்டாவில் கறி வெந்துகொண்டிருந்தது. தாய்மாமன் வரிசை வருகிறது என்று யாரோ சொல்ல, கூட்டம் எழுந்து சாலையைப் பார்த்தது. மேளம் கேட்கவில்லை. வேன் வரவில்லை. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மருதை நடந்து வந்தார். பின்னால் அமுதவல்லி. அவள் கையில் ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு: வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு முழம் மல்லிகை.

பந்தலில் கிசுகிசுப்பு தொடங்கியது. ஆபீசரம்மா பிடித்த அண்ணனைப் பாருங்கள் என்று ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். இரவல் மாமனுக்கு இவ்வளவுதான் முடியும் என்றார் ஒரு பெரியவர். அமுதவல்லி தலையை நிமிர்த்தியே நடந்து வந்தாள்.

மருதையை மணையில் உட்கார வைத்தார்கள். ஜெயக்குமார் தன் கையாலேயே மாலையைப் போட்டான். மொட்டைத் தலையும் சந்தனமுமாக நறுமுகையைத் தூக்கி வந்து மடியில் வைத்தார்கள். குழந்தையின் சூடு வேட்டியைத் தாண்டி அவர் உடம்பில் இறங்கியது. ஆசாரி ஊசியை எடுத்துத் துடைத்துக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மாமன் தோடு எங்கேப்பா?"

ராக்கம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மாமன் ஒத்தத் தட்டோட வந்திருக்காரு. தோட்டை எங்க தேடறது, வாழப்பழத்துக்குள்ளயா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மருதை குழந்தையின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார். எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் மடியில் பிள்ளை இருந்தது.

சுபஸ்ரீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தன் கைப்பையைத் திறந்து, சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்து ஆசாரியிடம் கொடுத்தாள். பிறகு மாமியாரைப் பார்த்துத் திரும்பினாள். கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அத்தே, இவங்க கம்பெனி ஃபைல் என் ஆபீஸ்ல இருக்கு. இன்னைக்கு இவங்க இருபத்தொரு தட்டு கொண்டாந்திருந்தா, நாளைக்கு நான் வேலையை விட்டுட்டு வீட்ல உக்கார வேண்டியிருக்கும். நம்ம வீட்டு மானம் போகக் கூடாதுன்னு தன் பர்மனென்ட் வேலையை விட்டுக் குடுத்துட்டு வந்து இங்க உக்காந்திருக்காங்க. எந்த அண்ணன் அத்தே தங்கச்சிக்கு இதுக்கு மேல சீர் செய்வான்?"

ஆசாரி தலையை ஆட்டிக்கொண்டார். "இறுக்கிப் பிடிச்சுக்கங்க மாமா" என்றார்.

மருதை பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியது. நறுமுகை வீறிட்டாள், பிஞ்சுக் கைகள் அவர் சட்டையைப் பற்றிக்கொண்டன. இரண்டாவது காது குத்துவதற்குள் மருதையும் அழுதுகொண்டிருந்தார். குழந்தை எதற்கு அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மாமன் எதற்கு அழுகிறார் என்று அமுதவல்லிக்குத் தெரிந்தது. மல்லிகைச் சரத்தை எடுத்துச் சுபஸ்ரீயின் தலையில் வைத்துவிட்டு, அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

ராக்கம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தோற்றுப்போய்ப் பழக்கமில்லாத மனுஷி. கொஞ்ச நேரம் கழித்து வாழைச் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, விசும்பிக்கொண்டிருந்த பேத்தியின் வாயில் வைத்தார். பிறகு மருதையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்டார். இந்த வேலையில் இருக்கிறவரைக்கும் என்றார் மருதை. வருஷா வருஷம் வகுப்பு உண்டு, வருஷா வருஷம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. இந்த மாதம் மேலாளர்களுக்கும் அதே வகுப்பு வைத்திருக்கிறார்களாம், செந்தமிழனை முதல் வரிசையில் உட்கார வைத்ததாக அற்புதசாமி போனில் சொல்லியிருந்தார்.

"ரிட்டையர் எப்ப?" என்றார் ராக்கம்மாள்.

"கான்ட்ராக்ட் நிலைச்சா இன்னும் ஒம்பது வருஷம் இருக்குதுங்க."

அம்மாள் பேத்தியின் சந்தனத் தலையைப் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது.

"அப்பப் பிள்ளைக்குப் பன்னெண்டு. சடங்குக்குச் சரியா இருக்கும். இந்த இருபத்தொரு தட்டையும் சேத்து அன்னைக்குக் கொண்டாந்துடணும், ஆமா. மேளத்தோட."

"அத்தே, பிள்ளைக்கு மூணு வயசு" என்றாள் சுபஸ்ரீ.

"அதனாலதான் இப்பவே சொல்லி வெக்கிறேன். மாமனுக்குச் சேத்து வெக்க நேரம் வேணுமில்ல?"

முதலில் சிரித்தவன் ஜெயக்குமார். பேசாத மனிதன் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததை யாரும் கேட்டதில்லை. பந்தி தயார் என்று குரல் வந்தது. சம்பந்தி முதல் பந்தியில் உட்கார வேண்டும், இலையை இப்போதே போடுங்கள் என்று ராக்கம்மாள் அதட்டிக்கொண்டே எழுந்து போனார். மருதை எழுந்திருக்கப் பார்த்தார். நறுமுகை பாதிப் பழத்தைக் கையில் பிடித்தபடி அவர் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

"நீங்க உக்காருங்க" என்றாள் அமுதவல்லி. "இலையை இங்கேயே கொண்டாரச் சொல்றேன்."